கீல்வாயு நோயும் அதன் நிவாரணமும்

நடவுக் காலத்திலோ அறுவடைக் காலத்திலோ ஒரு குடியானவர் படுக்கையில் விழுந்துவிட்டால், அக்குடும்பத்துக்கு ஏற்படும் நஷ்டம் வைத்தியச் செலவோடு நிற்பதில்லை. அவருக்குப் பதிலாகக் கூலியாள் அமர்த்த வேண்டும். கூலிக்குக் கைமாற்று வாங்க வேண்டும். அதன் பயனாகச் சங்கத்துக்குச் செலுத்த வேண்டிய தவணை தவறும். இவ்வாறு ஒருவரை ஓர் இரவில் கிடத்தி, பத்து நாளில் எழுப்பிவிட்டு, சில மாதங் கழித்து மறுபடியும் வந்து கிடத்தும் வியாதிகளுள் கீல்வாயு முக்கியமானது. இது தலைவிதி என்று பொறுத்துக்கொள்பவர் அநேகர். உண்மையில், மூட்டு நோய்களுள் காரணம் இன்னதென்று தெளிவாக அறியப்பட்டதும், மீண்டும் வராமல் தடுக்கக்கூடியதும் இந்நோயேயாகும். ஆதலால் இதைப்பற்றிச் சங்க அங்கத்தினர்கள் யாவரும் அறிந்திருத்தல் அவசியம்.

கீல்களில் உண்டாகும் வலி அனைத்தையும் ஜனங்கள் வாயு என்றே பொதுவாகச் சொல்லுகிறார்கள். வயது முதிர்ந்து முழங்கால் தேய்வதனால் வருவது வேறு; கை விரல்களையெல்லாம் ஒருங்கே பற்றி முடக்கும் முடக்குவாதம் வேறு. இங்கே விவரிக்கப்படுவது மேல்நாட்டு வைத்தியர்கள் கவுட் என்று வழங்கும் கீல்வாயு ஒன்றே.

நோயின் குணம்

இந்நோய் பெரும்பாலும் கால் பெருவிரலின் அடி மூட்டில் முதன்முதலாகத் தோன்றும். இரவு நன்றாகப் படுத்து உறங்கியவர் நடுநிசியிலோ விடியற்காலத்திலோ தாங்கொணா வலியுடன் விழித்துக்கொள்வார். அவ்விடம் சிவந்து, வீங்கி, தொட்டால் சுடும். மேலே போர்த்த துணி உராய்வதையும் சகிக்க முடியாது. சிலருக்குக் கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு ஆகிய இடங்களிலும் வரும். மருந்து ஒன்றும் உட்கொள்ளாமலேயே ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் வலி தானே தணிந்துவிடும். பிறகு அந்தக் கால் முன்போலவே இருக்கும்.

இவ்வாறு தானே தணிவதுதான் இந்நோயிலுள்ள பெரிய மோசம். அச்சமயத்தில் கட்டிய பச்சிலையோ, போட்ட மந்திரமோ, யாரோ கொடுத்த பொட்டலமோ குணப்படுத்திவிட்டது என்று நோயாளி நம்பிவிடுகிறார். ஆனால் முதல் தடவை வலி கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள்ளாகவே மறுபடியும் வருகிறது. கவனியாது விட்டால் இடைவெளி குறைந்துகொண்டே வந்து, பல மூட்டுகள் ஒருங்கே பாதிக்கப்படும். காது மடலிலும், முழங்கையிலும், விரல்களிலும் சுண்ணாம்பு போன்ற வெண்பொருள் அடங்கிய முடிச்சுகள் தோன்றும். மூட்டெலும்பு அரிக்கப்படும். சிலருக்கு மூத்திரக் கற்களும் உண்டாகும்.

புருஷர்களுக்கே இது அதிகமாய் வருவது. ஸ்திரீகளுக்கு மாதவிடாய் நின்ற பிறகே பெரும்பாலும் வருகிறது. இந்த வித்தியாசத்தை 2,400 வருஷங்களுக்கு முன்னரே கிரேக்க வைத்தியராகிய ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்கள் குறித்திருக்கின்றன.

நோயின் காரணம்

உடலிலுள்ள அணுக்கள் அழிந்து புதுப்பிக்கப்படும்போதும், நாம் உண்ணும் சில ஆகாரங்கள் ஜீரணமாகும்போதும், பியூரின் என்னும் பொருள் சிதைந்து யூரிக் அமிலம் உண்டாகிறது. இது ஒரு கழிவுப் பொருள். இதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகத்தின் வழியாகவும், எஞ்சியது குடல் வழியாகவும் வெளியேற வேண்டும். மற்றப் பிராணிகளில் பலவற்றுக்கு இவ்வமிலத்தை மேலும் கரைத்து வெளியேற்றும் ஒரு சத்து உடலிலேயே இருக்கிறது. மனிதனுக்கு அது இல்லை.

சங்கத்தின் பேரேட்டை நன்கறிந்த அங்கத்தினர்களுக்கு இதை விளக்குவது எளிது. வரவு மிகுந்தும் செலவு குறைந்தும் இருந்தால் இருப்பு ஏறிக்கொண்டே போகும். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 6.8 மில்லிகிராம் வரையில்தான் யூரிக் அமிலத்தின் உப்பு கரைந்து நிற்கக்கூடும். அதற்கு மேற்பட்டால், உப்பளத்தில் நீர் சுண்டும்போது உப்புப் பூப்பதுபோல, அது ஊசி போன்ற நுண்ணிய பளிங்குகளாக மூட்டுகளில் படியத் தொடங்கும். குளிர்ந்த இடத்தில் உப்பு எளிதில் உறைவதால், உடலின் கோடியிலுள்ள கால் பெருவிரல் முதலில் பாதிக்கப்படுகிறது. வருஷக்கணக்காகப் படிந்த இந்த ஊசிகளைத் தேகம் அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்கும்போது உண்டாகும் வேக்காடே நாம் காணும் வீக்கமும் வலியும்.

இந்த உண்மை ஒரே நாளில் தெரிந்துவிடவில்லை. 1776இல் ஷீலே என்னும் ரசாயனி மூத்திரக் கல்லில் யூரிக் அமிலத்தைக் கண்டார். 1848இல் ஆல்பிரட் காரட் என்னும் ஆங்கில வைத்தியர் கீல்வாயு நோயாளிகளின் ரத்தத்தில் அது மிகுந்திருப்பதை எடுத்துக் காட்டினார். 1961இல் அமெரிக்க வைத்தியர்களான மெக்கார்ட்டியும் ஹாலண்டரும் வீங்கிய மூட்டிலிருந்து எடுத்த நீரில் அந்தப் பளிங்கு ஊசிகளைப் பூதக்கண்ணாடி வழியாகக் கண்டு ஸ்தாபித்தனர்.

பெரும்பாலான நோயாளிகளிடத்தில் குற்றம் வரவில் இல்லை, செலவில் இருக்கிறது. அதாவது, அவர்களுடைய சிறுநீரகம் இவ்வமிலத்தைப் போதிய அளவு வெளியேற்றுவதில்லை. இது பெரும்பாலும் குலவழியாக வருவது. தேகப் பருமன், ரத்தக் கொதிப்பு, சிறுநீரக நோய், குடிப்பழக்கம் ஆகியவை இதற்குத் துணை செய்கின்றன. ரத்தக் கொதிப்புக்காகவும் நீர்க்கோவைக்காகவும் கொடுக்கப்படும் சிறுநீர் பெருக்கும் மாத்திரைகளில் சிலவும், இருதய நோய்க்காகத் தினந்தோறும் சிறு அளவில் உட்கொள்ளும் ஆஸ்பிரினும் யூரிக் அமிலத்தைக் கூட்டக்கூடும். ஆயினும் அவற்றைத் தாமே நிறுத்திவிடுவது உயிருக்கே அபாயம். வைத்தியரிடம் தெரிவித்து அவர் சொற்படி நடத்தலே முறை. ஆகவே, கீல்வாயு வந்தவரைக் கண்டு, கண்டதைத் தின்றதன் பலன் என்று பரிகசிப்பது தவறு.

வலி கண்டபோது செய்யத்தக்கவை

முதலாவதாக, காலை அசைக்காமல் ஒரு தலையணையின்மேல் உயர்த்தி வைக்க வேண்டும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் வைத்தல் வலியைக் குறைக்கும். தவிட்டொத்தடம், செங்கல் ஒத்தடம் முதலிய சூடான ஒத்தடங்களும், எண்ணெய் தேய்த்து நீவுதலும் இந்த வீக்கத்துக்கு ஏற்றவையல்ல. ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும் இடத்தை அவை மேலும் நோகச் செய்யும்.

இரண்டாவதாக, தாமதமின்றி வைத்தியரை அணுக வேண்டும். வலி தொடங்கிய முதல் நாளிலேயே மருந்து கொடுத்தால் விரைவில் தணியும். இதற்கு மூன்று வகை மருந்துகள் உள்ளன. வீக்கமடக்கும் வலி மாத்திரைகள் ஒன்று. இவை சிறுநீரக நோய், குடற்புண், இருதய நோய் உள்ளவர்களுக்கு ஆகா. கால்ச்சிசின் என்பது மற்றொன்று. முற்காலத்தில் இதை வயிற்றுப்போக்கு வரும்வரையில் மணிக்கொருமுறை கொடுத்து வந்தனர். 2010இல் வெளியான ஒரு பரிசோதனையில், குறைந்த அளவே அதே பலனைத் தருகிறது என்றும் உபத்திரவம் மிகக் குறைவு என்றும் தெரியவந்தது. ஆகவே இப்போது முதலில் 1 மில்லிகிராமும், ஒரு மணி கழித்து அரை மில்லிகிராமும் கொடுப்பதே வழக்கமாயிருக்கிறது. சிறுநீரகமோ கல்லீரலோ கெட்டவர்களுக்கு இதுவும் விஷமாகலாம். மூன்றாவது, சில தினங்களுக்கு மட்டும் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மருந்து. இம்மூன்றில் எது யாருக்கு ஏற்றது என்பதை நோயாளியின் மற்ற வியாதிகளை அறிந்த வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

பெயர் எழுதாத பொட்டலங்களையும் ஊசிகளையும் கொண்டு உடனே வலியை நிறுத்துவதாகச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். அவற்றில் ஸ்டீராய்டு மருந்து அளவின்றிக் கலந்திருக்கக்கூடும். மாதக்கணக்காக உட்கொண்டால் நீரிழிவு, எலும்பு நலிவு முதலியன வந்து சேரும்.

ஒரு மூட்டு வீங்கியதோடு குளிர் காய்ச்சலும் கண்டால், அது மூட்டில் சீழ் பிடித்ததாகவும் இருக்கலாம். அன்றைய தினமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதைக் கீல்வாயு என்று எண்ணி வீட்டில் வைத்திருந்தால் மூட்டும் கெடும், உயிருக்கும் அபாயம்.

கண்வலிக்கிழங்கு பற்றிய எச்சரிக்கை

கால்ச்சிசின் என்னும் மேற்சொன்ன மருந்து, நமது ராஜ்யத்தின் மலராகிய செங்காந்தட் செடியிலும் இருக்கிறது. திண்டுக்கல், கரூர், திருப்பூர் ஜில்லாக்களில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரால் இது விதைக்காகப் பயிரிடப்படுவதையும், அவ்விதை மருந்து செய்வதற்காக வாங்கப்படுவதையும் அங்கத்தினர்கள் அறிவார்கள். மூட்டு வலி மருந்து இதிலிருந்துதானே வருகிறது, வீட்டிலேயே அரைத்துக் குடித்தாலென்ன என்று எவரேனும் எண்ணுவாராயின், அது பிராணனைப் போக்கிக்கொள்ளும் எண்ணமேயாகும். மருந்துக்கும் விஷத்துக்கும் உள்ள தூரம் இதில் மிகக் குறைவு. மாத்திரையில் அரை மில்லிகிராம் என்று அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. கிழங்கிலோ விதையிலோ எவ்வளவு உண்டென்று எவராலும் கண்ணால் அளக்க முடியாது.

இதை உட்கொண்டவருக்குச் சில மணி நேரங் கழித்தே வாந்தியும் பேதியும் தொடங்கும். பிறகு சற்றுத் தெளிந்ததுபோலத் தோன்றினாலும், அடுத்த சில தினங்களில் சிறுநீரகம், இருதயம், ரத்தம் யாவும் கெட்டு மரணம் நேரிடலாம். இதற்கென்று கிடைக்கக்கூடிய முறிமருந்து இல்லை. ஆகையால் தவறி உட்கொண்டது தெரிந்தால், வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே செல்ல வேண்டும். விதையும் கிழங்கும் வைத்திருக்கும் வீடுகளில் அவற்றைச் சமையல் சாமான்களோடு சேர்த்து வைக்கலாகாது. குழந்தைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்தல் உத்தமம்.

வலி இல்லாத காலத்துச் சிகிச்சை

வலி தீர்ந்ததும் நோய் தீர்ந்தது என்று எண்ணுவதே மறுபடியும் படுக்கையில் விழுவதற்கு முதற் காரணம். வலி மாத்திரை, கடனுக்கு வட்டி கட்டுவதைப் போன்றது. அசல் அப்படியே நிற்கிறது. மூட்டுகளில் படிந்திருக்கும் உப்பே அந்த அசல். அதை அடைக்க வேண்டுமானால் ரத்தத்திலுள்ள யூரிக் அமிலத்தை 6 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவந்து, அங்கேயே நிறுத்தி வைக்க வேண்டும். முடிச்சுகள் தோன்றிவிட்டவர்களுக்கு 5க்குக் கீழே கொண்டுவருதல் நலம். அப்போது படிந்த பளிங்குகள் சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறும்.

ரத்தப் பரிசோதனையில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. வலி மிகுந்திருக்கும் நாட்களில் பரிசோதித்தால் யூரிக் அமிலம் சரியான அளவிலேயே இருப்பதாகச் சில சமயம் காணும். அதை நம்பி இது கீல்வாயு அல்ல என்று முடிவு செய்யலாகாது. வலி தணிந்து இரண்டு வாரங்களுக்குப் பின் மறுபடியும் பரிசோதிக்க வேண்டும்.

யூரிக் அமிலம் உண்டாவதையே குறைக்கும் மருந்துகளுள் அல்லோப்யூரினால் என்பது முதன்மையானது. 1966 முதல் உபயோகத்திலிருக்கும் இம்மருந்து முதலானவற்றைக் கண்டுபிடிக்க வழிகாட்டிய ஆராய்ச்சிக்காக கெர்ட்ரூட் எலியன் என்னும் மாதரசியும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் என்பவரும் 1988இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் அடங்குவர். வருஷத்துக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ வலி வருபவர்கள், முடிச்சு உள்ளவர்கள், மூட்டெலும்பு அரிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு இத்தகைய சிகிச்சை விசேஷமாக அவசியம். 100 மில்லிகிராமிலோ அதற்கும் குறைவாகவோ தொடங்கி, சில வாரங்களுக்கொருமுறை ரத்தத்தைப் பரிசோதித்துப் படிப்படியாக உயர்த்துவது முறை.

இச்சிகிச்சையில் அநேகர் தவறும் இடம் ஒன்று உண்டு. மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களில் வலி முன்னிலும் அடிக்கடி வரக்கூடும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நோயாளி நிறுத்திவிடுகிறார். உண்மை யாதெனில், படிந்த உப்பு கரையத் தொடங்கும்போது பளிங்குகள் இடம் பெயர்ந்து கிளர்ச்சி உண்டாக்குகின்றன. பழஞ்சுவரை இடிக்கும்போது புழுதி எழுவதைப் போன்றது இது. இதற்காகவே முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரையில் வைத்தியர்கள் சிறு அளவில் கால்ச்சிசினையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். வலி வந்தாலும் அல்லோப்யூரினாலை நிறுத்தலாகாது. ஆனால் தோலில் தடிப்போ, கொப்புளமோ, வாய்ப்புண்ணோ, காய்ச்சலோ கண்டால் மட்டும் அந்த க்ஷணமே மருந்தை நிறுத்தி வைத்தியரிடம் செல்ல வேண்டும். அது அபூர்வமாயினும் அபாயமான அறிகுறி.

நோயாளிக்கு விஷயத்தை விளக்கிச் சொல்லுவதே பாதி வைத்தியம் என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் உண்டு. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்தார் நடத்தி 2018இல் வெளியிட்ட பரிசோதனையில் 517 நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு நர்ஸுகள் நோயின் காரணத்தை விளக்கி, பரிசோதனைப்படி மருந்தின் அளவைச் சரிசெய்து வந்தனர். மற்றப் பிரிவினர் வழக்கம்போல் வைத்தியம் செய்துகொண்டனர். இரண்டு வருஷ முடிவில் முதற்பிரிவில் 100க்கு 95 பேரும், இரண்டாம் பிரிவில் 100க்கு 30 பேருமே மேற்சொன்ன 6 என்னும் அளவுக்குக் கீழே வந்திருந்தனர்.

ஆகார நியமம்

பத்தியம் என்றவுடன் உப்பு, புளி, பருப்பு, கீரை, தக்காளி எல்லாவற்றையும் விலக்கி நோயாளியைப் பட்டினி போடுவது நம் நாட்டு வழக்கம். இந்நோய்க்கு அது வேண்டுவதில்லை. 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில் 47,000க்கு மேற்பட்ட ஆண்களின் ஆகாரத்தை 12 வருஷ காலம் கவனித்து வந்தனர். மாமிசமும் கடல் மீனும் அதிகமாய்ப் புசித்தவர்களுக்குக் கீல்வாயு அதிகம் வந்தது. பால், தயிர் முதலியவற்றை உட்கொண்டவர்களுக்குக் குறைவாக வந்தது. பியூரின் உள்ள பருப்பு, காய்கறி வகைகளால் நோய் அதிகரிக்கவில்லை. ஆகவே சாம்பாரையும் கீரையையும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

குறைக்க வேண்டியவையும் விலக்க வேண்டியவையும் பின்வருமாறு:

1. ஈரல், மூளை, குண்டிக்காய் முதலிய உள்ளுறுப்பு மாமிசங்களை முற்றும் விலக்குக. ஆட்டிறைச்சி முதலியவற்றை அளவாகவும் எப்போதாவதும் கொள்க.

2. நெத்திலி, மத்தி ஆகிய மீன்களையும் அவற்றின் கருவாட்டையும் குறைத்துக்கொள்க.

3. கால் வலிக்கு ஆட்டுக்கால் சாறு நல்லது என்று காய்ச்சிக் கொடுப்பது வழக்கம். மாமிசத்திலுள்ள பியூரின் சாற்றில் இறங்கிவிடுவதால், கீல்வாயு உள்ளவருக்கு அது ஏற்றதன்று.

4. பீர், சாராயம், கள் முதலிய மதுபானங்களை ஒழிக்க வேண்டும். மது யூரிக் அமிலத்தின் உற்பத்தியைப் பெருக்கி, வெளியேறுவதையும் தடுக்கிறது. பீரிலோ பியூரினும் உண்டு.

5. சர்க்கரை மிகுதியாய்ச் சேர்ந்த பானங்கள், புட்டியில் அடைத்து விற்கும் இனிப்புப் பானங்கள் ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். இவற்றிலுள்ள பழச்சர்க்கரையும் யூரிக் அமிலத்தைக் கூட்டும்.

அரிசி, கேழ்வரகு, கம்பு முதலிய தானியங்கள், பருப்பு, காய்கறி, முட்டை, ஆடை நீக்கிய பால், மோர் ஆகியவை தாராளமாய்க் கொள்ளத்தக்கவை. வெயிலில் வேலை செய்பவர்கள் வியர்வையால் நீர் குறைந்து நோய்க்கு ஆளாகிறார்கள். வயலுக்குச் செல்லும்போது ஒரு கலயம் மோரோ குடிநீரோ உடன் கொண்டுபோய் அடிக்கடி அருந்துதல் நலம். இருதய நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் மட்டும் நீரின் அளவை வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பருத்த தேகமுடையவர்கள் மெல்ல மெல்ல எடையைக் குறைக்க வேண்டும். கடும் உபவாசமிருந்தால் யூரிக் அமிலம் ஏறி வலி வந்துவிடக்கூடும்.

இவ்வளவு நியமத்தோடு இருந்தாலும் ஆகாரத்தினால் மட்டும் குறையும் அளவு ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான். 9 மில்லிகிராம் உள்ள ஒருவர் பத்தியத்தினால் 8க்கு வரலாம். 6க்கு வருவது அரிது. ஆகவே ஆகார நியமம் மருந்துக்குத் துணையேயன்றி, அதற்குப் பதிலாகாது.

லாப நஷ்டக் கணக்கு

ஒரு குடியானவருக்கு வருஷத்தில் நான்கு முறை வலி வந்து, ஒவ்வொரு முறையும் 8 நாள் வேலை கெடுவதாக வைத்துக்கொள்வோம். வருஷத்தில் 32 நாள் போயிற்று. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட கூலியும், அந்நாட்களில் பிறருக்குக் கொடுத்த கூலியும் சேர்ந்தது நஷ்டம். எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டியது தினந்தோறும் உட்கொள்ளும் மாத்திரையின் விலையும், அவ்வப்போது செய்யும் ரத்தப் பரிசோதனையின் செலவும் மாத்திரமே. எது சிக்கனம் என்பதை அங்கத்தினர்களே கணக்கிட்டு அறியலாம். வைத்தியரிடம் மருந்தின் ரசாயனப் பெயரை எழுதி வாங்கிக்கொண்டால், கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் மருந்தகங்களில் அதே மருந்து குறைந்த விலைக்கும் கிடைக்கக்கூடும்.

சங்கங்களின் பஞ்சாயத்தார் மகாசபைக் கூட்டங்களில் இவ்விஷயத்தை எடுத்துச் சொல்லலாம். அடிக்கடி கால் வீங்கிப் படுக்கும் அங்கத்தினர் ஒருவர் இருந்தால், தவணை தவறியதற்கு நோட்டீஸ் எழுதுவதற்கு முன்னர், அவர் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டாரா என்று விசாரிப்பது நன்று. கடனைச் சிறிது சிறிதாக அடைத்துத் தீர்ப்பதற்கு வேண்டிய ஒழுங்கும் பொறுமையுமே இந்நோயைத் தீர்ப்பதற்கும் வேண்டும். அவை கூட்டுறவாளருக்குப் புதியவையல்ல.